சுரங்கப் பாட்டும் தோட்டப் பாட்டும்

ஜிம் ரீவ்ஸ் என்ற பெயரை அறியாத இசை விரும்பிகள் மலைநாட்டில் மிகச் சிலரே. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலே பிறந்து, 1964ஆம் ஆண்டு யூலை மாதம் விமான விபத்திலே உயிரிழந்த அப்பாடகரின் குரல் இலங்கையிலே இன்னும் ஓயவில்லை. நத்தார் காலம் வந்துவிட்டால் கண்டியிலும் மாத்தளையிலும் ஏதாவது ஒரு கடை வாசலில் அது கேட்டுக்கொண்டேயிருக்கும். கன்ட்ரி இசை என்றதும் நம்மவர் மனத்திலே எழுவது அந்த ஓசைதான்: வழுக்கிச் செல்லும் தாழ்ந்த குரல், பின்னாலே வயலின்களின் கூட்டிசை, அதற்கும் பின்னாலே மெல்லெனத் தொடரும் பக்கப்பாட்டு.

அவ்விசையை விரும்புகின்ற நேயர்களுக்கு, அதே குடும்பத்திற் பிறந்ததாயினும் குணத்தால் முற்றிலும் வேறான ஓர் இசைத்தட்டை அறிமுகஞ் செய்வதே இப்பேச்சின் நோக்கமாகும். அதன் பெயர் 'மார்ச் 16–20, 1992'. பெயரைக் கேட்டதும் இது பாட்டுத் தொகுதியா, பஞ்சாங்கக் குறிப்பா என்று ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐந்து நாள்களுக்குள் அதிலுள்ள பாடல்கள் யாவும் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. ஆகவே அதுவே பெயராயிற்று. அதனைப் பாடியவர்கள் அங்கிள் டூப்பலோ என்னும் சிறு குழுவினர்.

கன்ட்ரி என்ற சொல்லுக்கு நாட்டுப்புறம் என்று பொருள். அந்த இசை தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. 1927ஆம் ஆண்டு யூலை மாதத்திலே பிறிஸ்டல் என்னும் மலையோரப் பட்டினத்துக்கு விக்டர் இசைத்தட்டு நிறுவனத்தின் சார்பிலே றல்ப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்திறங்கினார். சுற்றுப்புற மலைகளிலிருந்து பாட வந்தவர்களுள் கார்ட்டர் குடும்பத்தார் மூவரும் இருந்தனர். ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட சகோதரி மேபெல் ஆகியோரே அவர்கள். தொட்டிற் பாட்டு, பக்திப் பாட்டு, சாவுப் பாட்டு, கொலைக் கதைப் பாட்டு என்று தம் மலைகளிலே வழங்கியவற்றை அவர்கள் பாடினர். வீட்டு முற்றத்திலே எப்படிப் பாடுவார்களோ அப்படியே கருவியின் முன்னும் பாடினர்.

முப்பது ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. 1950களின் பிற்பகுதியில், நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடங்களிலே இந்த இசைக்கு நகரத்து உடை உடுத்தினார்கள். பிடிலும் பான்ஜோவும் ஒதுக்கப்பட்டன. வயலின் கூட்டமும் பாடகர் கூட்டமும் புகுந்தன. அந்த மாற்றத்தை முன்னின்று நடத்தியவருள் ஒருவரான செட் அட்கின்ஸ்தான் ஜிம் ரீவ்ஸின் பாடல்களைத் தயாரித்தவர். அதிலே இனிமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும், பாடுபவன் எந்த மண்ணிலே நின்று பாடுகிறான் என்பது மட்டும் அந்த இனிமையிலே கரைந்து போயிற்று.

இந்த மெருகு வேண்டாம் என்று விலகியவர்களின் இசையே பிற்காலத்தில் மாற்றுக் கன்ட்ரி எனப் பெயர் பெற்றது. அதற்கு வித்திட்டவர்களுள் தலையாயவர் அங்கிள் டூப்பலோ குழுவினர். இலினோய் மாநிலத்தின் தெற்கிலே, மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் உள்ள சென்ட் லூயிஸ் மாநகரின் நிழலிலே கிடக்கும் பெல்வில் என்ற ஊர் அவர்களுடையது. நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்திருந்த பிரதேசம் அது. ஜே ஃபாரர், ஜெஃப் ட்வீடி, மைக் ஹைடோர்ன் என்ற பள்ளித் தோழர் மூவர் 1987ஆம் ஆண்டளவிலே அங்கு இக்குழுவைத் தொடங்கினர். அந்நாளைய இளைஞர் யாவரையும்போல் இவர்களும் செவியைப் பிளக்கும் பங்க் இசையிலே வளர்ந்தவர்கள். ஆனால் அதே காதுகளிலே கார்ட்டர் குடும்பத்தாரின் பழைய பாடல்களும் விழுந்திருந்தன. 1990ஆம் ஆண்டு வெளிவந்த இவர்களின் முதல் இசைத்தட்டுக்கு, கார்ட்டர் குடும்பத்தார் 1936இல் பதிவு செய்த ஒரு பாட்டின் பெயரையே சூட்டினர்: 'நோ டிப்ரெஷன்'. பொருளாதார மந்தத்திலே வாடிய ஏழை மக்கள், மந்தமென்பதே இல்லாத மறுவுலகை நினைத்துப் பாடிய பாட்டு அது. இந்த வகை இசைக்கென்று 1995இல் ஒரு சஞ்சிகை தோன்றியபோது அதற்கும் அப்பெயரே வைக்கப்பட்டது.

மூன்றாவது இசைத்தட்டே இங்கு நாம் எடுத்துக்கொண்டது. அது பதிவான வேளை கவனிக்கத்தக்கது. நிர்வானா என்னும் குழுவின் 'நெவர்மைண்ட்' 1991ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வெளிவந்து, அடுத்த சனவரிக்குள் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் உச்சியை எட்டிவிட்டது. பேரோசை எழுப்பும் மின்சாரக் கிற்றார் குழு எங்கே கிடைக்கும் என்று இசைத்தட்டு நிறுவனங்கள் ஊரூராய்த் தேடிய காலம் அது. அந்த வேளையிலேதான், பேரோசை எழுப்பப் பழகிய இந்த மூவரும் மின்சாரத்தைப் பெரும்பாலும் அணைத்து வைத்துவிட்டு, ஜோர்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரிலே ஜோன் கீன் என்பவரின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்று, மரக் கிற்றாரோடு உட்கார்ந்தனர். ஆர்.ஈ.எம். என்ற புகழ்பெற்ற குழுவின் கிற்றார்க் கலைஞர் பீட்டர் பக் தயாரிப்புப் பொறுப்பை ஏற்றார். பிறையன் ஹெனிமன் என்ற நண்பர் மண்டலின் முதலிய கருவிகளைக் கையாண்டார். ஐந்து நாள், பதினைந்து பாடல். அந்த ஓகஸ்டிலே ரொக்வில் என்ற சிறு நிறுவனம் இதனை வெளியிட்டது. வாணிகக் கணக்கிலே இது புத்தியுள்ள செயல் அன்று.

பதினைந்தில் எட்டு, குழுவினர் தாமே இயற்றியவை. எஞ்சிய ஏழும் பிறர் பாடல்கள். இந்த ஏழையும் அந்த எட்டையும் பெயர்ப்பட்டியலைப் பாராமற் பிரித்தறிவது கடினம் என்பதே இத்தொகுதியின் முதற் சிறப்பு. 'கிரைண்ட்ஸ்டோன்' என்னும் முதற்பாட்டு ஜே ஃபாரருடையது. அதைப் பாடும்போது அவருக்கு வயது இருபத்தைந்து. குரலோ ஐம்பது வயதுச் சுரங்கத் தொழிலாளியுடையது போன்றிருக்கும். கரகரப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை; ஆண்டாண்டாய்ச் சுமை தூக்கியவனின் களைப்பு மட்டும் உண்டு. ட்வீடியின் குரல் அதற்கு மாறானது. மெல்லியது, சில இடங்களில் எட்டாத சுருதிக்கு எம்பி உடைவது. 'வார்ஃபேர்' என்ற பக்திப் பாட்டிலே அவர் அவ்வாறு முக்கிப் பாடுவதை இத்தொகுதியின் குறையென்றே சொல்லவேண்டும். ஆனால் 'ஐ விஷ் மை பேபி வாஸ் போர்ன்' என்ற சிறு பாட்டிலே அந்த உடைந்த குரலே பொருத்தமாய் அமைந்துவிடுகிறது. கைவிடப்பட்ட ஒரு பெண், பிறவாத தன் பிள்ளையை நினைத்துப் புலம்புவது அது. நம் ஒப்பாரிகளைக் கேட்டுப் பழகிய செவிக்கு, மொழி விளங்காவிட்டாலும் அதன் போக்கு விளங்கிவிடும்.

'மூன்ஷைனர்' என்பது, சட்டத்துக்கு மறைவாகச் சாராயம் வடிக்கும் ஒருவனுடைய வாக்குமூலம். கசிப்பு என்று நம் நாட்டார் சொல்வதைத்தான் அந்த மலைகளில் நிலவொளிச் சரக்கு என்கிறார்கள். பதினேழு ஆண்டுகள் அத்தொழிலிலே கிடந்து, தான் வடித்ததையே குடித்துத் தேய்ந்துபோன அவனை ஃபாரர் பரிகசிக்கவுமில்லை, அவனுக்காக இரங்கவுமில்லை. தன் காதலியைக் கொன்றவன் தூக்குமேடையை எதிர்நோக்கிப் பாடும் 'லில்லி ஷல்' என்ற பாட்டையும் அப்படியே பாடியிருக்கிறார். 'அட்டோமிக் பவர்' என்பது லூவின் சகோதரர்கள் 1952ஆம் ஆண்டு பாடிய அணுகுண்டுப் பாட்டு. அச்சமும் பக்தியும் கலந்த விசித்திரமான படைப்பு. 'சன்டஸ்கி' என்பதிலே பாட்டே இல்லை, வாத்தியங்கள் மட்டும். தந்திக் கருவிகள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிச் செல்லும் அந்தப் பகுதியை இரவிலே, வேறு சத்தம் இல்லாத வேளையிலே கேட்பது நலம்.

ஆனால் மாத்தளை மாவட்டத்து நேயர்கள் தனியாகக் கவனிக்கவேண்டியது இரண்டாம் பாட்டு. 'கோல்மைனர்ஸ்', அதாவது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் என்பது அதன் பெயர். இரண்டரை நிமிடந்தான். சுரங்கத் தொழிலாளரை விளித்து, முதலாளிமார் எவ்வாறு அவர்களின் உழைப்பை உண்டு கொழுக்கின்றனர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் எவ்வாறு பட்டினி கிடக்கின்றனர் என்று எடுத்துரைத்து, சங்கத்திலே சேருங்கள் என்று அழைக்கும் பாட்டு அது. பாட்டின் வெம்மை சாதாரணமானதன்று. இசைத்தட்டிலே அதை ஆக்கியவர் பெயருக்குரிய இடத்தில் மரபுப் பாடல் என்ற குறிப்புத்தான் உள்ளது.

மரபுப் பாடல் என்றால் ஆக்கியவர் அறியப்படாதவர் என்று பொருள். ஆனால் இதை ஆக்கியவர் அறியப்பட்டவர். சாரா ஓகன் கன்னிங் என்பது அவர் பெயர். 1910ஆம் ஆண்டு கென்டக்கி மாநிலத்து நிலக்கரி மலைகளிலே, சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாய்ப் பிறந்தார். மணம் புரிந்தவரும் சுரங்கத் தொழிலாளியே. 1931, 1932 ஆகிய ஆண்டுகளிலே அப்பகுதியில் நடந்த கொடிய வேலைநிறுத்தங்களை நேரிற் கண்டவர். குழந்தைகளை வறுமைக்குப் பறிகொடுத்தார். கணவரை 1938இல் காசநோய்க்குப் பறிகொடுத்தார். பள்ளிப்படிப்பு மிகுதியாக இல்லாத அவர், தாயிடமும் கோயிலிலும் கற்ற பழைய மெட்டுக்களை எடுத்துக்கொண்டு அவற்றிலே தம் துயரத்தை வைத்துக் கட்டினார். துயருற்ற ஆண்மகன் ஒருவனைப் பற்றிய பழம் பாட்டொன்றை, துயருற்ற பெண்ணொருத்தியின் பாட்டாக அவர் மாற்றியது அந்நாட்டில் மிகப் பிரசித்தம். 1937ஆம் ஆண்டிலே அலன் லோமக்ஸ் முதலியோர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக அவர் குரலை ஒலிப்பதிவு செய்தனர். பின்பு நெடுங்காலம் அவரை உலகம் மறந்திருந்தது. 1965இலேதான் அவருக்கென ஒரு முழு இசைத்தட்டு வெளிவந்தது. 1983இலே காலமானார். பெல்வில் இளைஞர் அவர் பாட்டை எடுத்துப் பாடியது அதற்கு ஒன்பது ஆண்டுகளின் பின்.

மலைநாட்டுத் தோட்டங்களிலே ஒரு வழக்குண்டு. ஒரு நாள் வேலைக்குரிய கூலிப் பதிவைப் பேர் என்பார்கள். கொழுந்தின் நிறை குறைந்துவிட்டால் கணக்கப்பிள்ளை அரைப் பேர்தான் போடுவார். முழு நாளும் மலையிலே நின்றவளுக்கு அரைப் பேர். சாரா ஓகன் கன்னிங்குக்கு அந்த இசைத்தட்டிலே அரைப் பேர்கூட விழவில்லை. இளைஞர் அதை வஞ்சகமாகச் செய்தனர் என்று கொள்வதற்கில்லை. வாயிலிருந்து வாய்க்குச் செல்லும் பாட்டு போகும் வழியிலே முதலில் உதிர்ப்பது ஆக்கியவரின் பெயரைத்தான். எந்த நாட்டிலும் இதுவே வழக்கம். எனினும், இந்தப் பாட்டைப் பொறுத்தவரை பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. ஏனெனில் 1937இலே யாரோ ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர் எதிரிலே அமர்ந்திருந்தார்.

இங்கே மாத்தளையை நினையாமல் இருக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள், மன்னார்க் கரையிலே இறங்கி, ஏறத்தாழ 150 மைல் தூரம் காட்டுவழியே நடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளையை அடைந்தனர். கொள்ளைநோயிலும் மலைக்காய்ச்சலிலும் பாதையோரத்திலே வீழ்ந்தவர் பலர். உயிரோடு வந்து சேர்ந்தவர்களுக்கு மாத்தளையே மலைநாட்டின் வாயிலாயிற்று. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் பெருமை அந்த நடைப்பயணத்தின் நினைவோடு கலந்தது. நடந்து வந்தவர் தலைமேல் இருந்தது சிறு மூட்டைதான். ஆனால் அவர்கள் நாவிலே தாலாட்டு, கும்மி, தெம்மாங்கு, ஒப்பாரி யாவும் வந்தன. கண்டிச் சீமை, கங்காணி, கப்பல், கோப்பிப் பழம், தேயிலைக் கொழுந்து என்று புதுச் சொற்கள் அந்தப் பழைய மெட்டுக்களிலே குடியேறின. பழைய மெட்டிலே புதுத் துயரத்தை வைத்துக் கட்டுவது கென்டக்கி மலைப் பெண்ணுக்கு மட்டும் உரிய கலையன்று.

இன்னும் நெருக்கமான ஒப்புமையும் உண்டு. சாரா ஓகன் பாட்டுக் கட்டிய அதே 1930களிலே, மலைநாட்டுத் தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தோட்டத் தொழிலாளர் கூட்டங்களிலே தாமே இயற்றிய பாடல்களைப் பாடிவந்தார். நடேசய்யர் 1931ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை நிறுவி, அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு நடத்திவந்தவர். அவர் பேசுமுன் கூட்டத்தைத் தம் பக்கம் திருப்பியது அம்மையாரின் பாட்டே என்பர். மக்கள் முன்பே அறிந்த மெட்டுக்களில் அவர் தம் பாடல்களை அமைத்தார். கேட்டவர் உடனே சேர்ந்து பாட அது வாய்ப்பாயிற்று. 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற சிறு நூலாக 1940இலே அப்பாடல்கள் அச்சேறின. கென்டக்கிப் பெண்ணும் இந்த அம்மையாரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கமாட்டார்கள். ஆயினும் அவர்கள் செய்தது ஒரே வேலை.

வேறுபாடு ஒன்று உண்டு. அது மிகப் பெரிய வேறுபாடு. மீனாட்சியம்மாளின் சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. தோட்டத்துப் பெண்கள் பாடிய நாட்டார் பாடல்களின் சொற்களும் இருக்கின்றன. பூண்டுலோயாப் பகுதியிலே 1914இற் பிறந்து, 1947ஆம் ஆண்டு தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகி, 1984இல் மறைந்த சி. வி. வேலுப்பிள்ளை அவற்றை லயம் லயமாகத் தேடித் தொகுத்து நூலாக்கினார். அவர் மட்டும் அதைச் செய்யாதிருந்தால் இன்று ஆராய்ச்சி செய்பவர்களுக்கு எடுத்துக்காட்டே இராது. ஆனால் ஏட்டிலே சொல் ஏறும், மெட்டு ஏறாது. ஒரு வரியை எங்கே இழுத்தார்கள், எங்கே மூச்சு வாங்கினார்கள், எந்த இடத்திலே சொல்லை விட்டுவிட்டு வெறும் ஓசையாய் அழுதார்கள் என்பதை அச்செழுத்து அறியாது.

அமெரிக்கக் கார்ட்டர் குடும்பத்தாரிடம் இதற்கு ஒரு விடை இருந்தது. ஏ. பி. கார்ட்டர் மலை மலையாய்ப் பாட்டுத் தேடிச் சென்றபோது, லெஸ்லி றிடில் என்ற கறுப்பினக் கிற்றார்க் கலைஞரையும் உடன் அழைத்துச் செல்வார். ஆலை விபத்தொன்றிலே ஒரு காலை இழந்தவர் அவர். கார்ட்டர் தாளிலே சொற்களை எழுதிக்கொள்வார். றிடில் மெட்டை மனத்திலே பதித்துக்கொள்வார். வீடு திரும்பியதும் இரண்டையும் சேர்ப்பார்கள். ஒருவர் கை, மற்றவர் காது. இசைத்தட்டிலே பெயர் வந்தது கையினுடையது மட்டுமே. றிடிலின் பெயரை ஆராய்ச்சியாளர்கள் பிற்காலத்திலேதான் மீட்டெடுத்தனர்.

மலைநாட்டுப் பாட்டுக்கு எழுதும் கை கிடைத்தது. காதோ பாட்டிமாரிடமே இருந்தது. அவர்களோடு போய்க்கொண்டும் இருக்கிறது. றத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களிலே தாலாட்டையும் ஒப்பாரியையும் முழுமையாய் அறிந்த முதியோர் அருகி வருகின்றனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் இந்த இழப்பை விரைவுபடுத்தின. ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென இரு அரசுகளும் உடன்பட்டபோது, அவர்களோடு எத்தனை பாட்டுக் கப்பலேறிற்று என்று எவரும் கணக்கெடுக்கவில்லை.

அப்படிக் கப்பலேறிய ஒரு பாட்டியின் பெயர் மட்டும் உலகெங்கும் ஒலித்தது. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' என்ற பாட்டை இளைஞர் யாவரும் அறிவர். சந்தோஷ் நாராயணனின் இசையிலே அறிவும் தீயும் பாடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்து, பின் தமிழ்நாடு திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளை அறிவு அதிலே பெயர் சொல்லி நினைக்கிறார். ஒப்பாரியின் இழைகளும் அதிலே ஓடுகின்றன. பாட்டிலே யார் பங்கு எவ்வளவு என்று பின்னர் எழுந்த வாதங்கள் பத்திரிகைகளிலே விரிவாக வந்தன. பாட்டு யாருடையது என்ற பழைய வழக்கு, புதுக் காலத்திலும் தீரவில்லை போலும். ஆயினும், தோட்டத்து மூதாட்டி ஒருத்தி பெயரோடு பாட்டுக்குள் வந்து நின்றது தமிழ் இசையிலே சிறிய நிகழ்ச்சி அன்று.

நம் பாடசாலை விழாக்களிலே நாட்டார் பாடல் மேடையேறும் முறையையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். பளபளக்கும் உடை, ஆர்மோனியச் சுருதி, திருத்திய சொற்கள், ஒரே அளவில் ஒலிக்கும் கூட்டுக்குரல். பிள்ளைகள் நன்றாகவே பாடுகிறார்கள். ஆனால் பாட்டி அப்படிப் பாடவில்லை. நாஷ்வில் செய்ததை நாமும் சிறிய அளவிலே செய்துவருகிறோம். பெல்வில் இளைஞர் சென்ற வழி வேறு. தமக்குத் தெரிந்த பேரோசையை அவர்கள் அடக்கி வைத்தார்கள். பழைய பாட்டைத் தம் காலத்துக்கேற்பத் திருத்தவில்லை. தம் குரலைப் பாட்டின் வயதுக்கு இறக்கினார்கள். தாம் இயற்றிய எட்டுப் பாட்டையும் அந்த ஏழின் நடுவே கூச்சமின்றி அமர்த்தினார்கள். பழையதைக் காப்பதும் புதியதை ஆக்குவதும் வேறு வேறு அறைகளில் நடக்கவேண்டிய காரியங்கள் அல்ல என்பதை அந்த ஐந்து நாள்களும் காட்டுகின்றன. காமன் கூத்துக்குத் தப்பின் தோலைத் தீயிலே காய்ச்சிச் சுருதி ஏற்றும் இளைஞனுக்கும், அதே ஊரிலே கைபேசியில் மேனாட்டு இசை கேட்கும் அவன் தம்பிக்கும் இடையிலே பேச வேண்டியது நிறைய உண்டு. கைபேசியிலே கேட்பது மட்டுமன்று, பதிவதும் முடியும். லோமக்ஸின் கனத்த கருவி செய்த வேலையை இன்று சட்டைப்பையிலே வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

இசைத்தட்டின் பிற்கதை சுருக்கமானது. மைக் ஹைடோர்ன் இதன்பின் குழுவை விட்டு நீங்கினார். 1993இலே 'அனோடைன்' என்ற நான்காம் தொகுதி பெரிய நிறுவனமொன்றின் மூலம் வந்தது. ஃபாரருக்கும் ட்வீடிக்கும் இடையிலே மனத்தாங்கல் முற்றி, 1994ஆம் ஆண்டு மே மாதம் சென்ட் லூயிஸிலே கடைசிக் கச்சேரியோடு குழு கலைந்தது. ஃபாரர் 'சன் வோல்ட்' என்ற குழுவையும், ட்வீடி 'வில்கோ' என்ற குழுவையும் அமைத்தனர். வில்கோ பெரும் புகழ் பெற்றது. எனினும் இரு பக்கத்து இரசிகர்களும் தங்கள் சண்டையை நிறுத்திவிட்டு ஒருமனதாய் மெச்சுவது இந்த ஐந்து நாள் வேலையைத்தான். 2003ஆம் ஆண்டிலே சில மேலதிகப் பாடல்களுடன் இது மறுபதிப்பாயிற்று. இப்போது இணையத்தின் வழியாக மாத்தளையிலிருந்தும் கேட்கலாம்.

கேட்க விரும்புவோர், முதலிலே 'மூன்ஷைனர்' பாட்டையும் 'சன்டஸ்கி' என்ற வாத்திய இசையையும் கேட்பது நன்று. ஜிம் ரீவ்ஸைக் கேட்டுப் பழகிய செவிக்கு அவை எளிதிலே பிடிபடும். அதன் பிறகு தொடக்கத்திலிருந்து வரிசையாகக் கேட்கவேண்டும். 'கோல்மைனர்ஸ்' வந்ததும் அங்கே நிறுத்தி, சாரா ஓகன் கன்னிங் தாமே பாடிய அதே பாட்டைத் தேடியெடுத்துக் கேட்டல் வேண்டும். இளைஞர் பாட்டிலே கிற்றார் ஓடுகிறது, வேகம் இருக்கிறது. அம்மையார் பாட்டிலே பக்கவாத்தியம் எதுவும் இல்லை. தனிக் குரல் மட்டும்.